சக்கர நாற்காலியில் வந்த டாக்டரம்மா

(ராஜகீழ்ப்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

  

இந்த வெயிலிலும் அகரம்தென், வேங்கைவாசல், கோவிலாஞ்சேரி பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. பாதிப் பேர் மடியில் பாஸ் புக், மீதிப் பேர் மடியில் குழந்தை. கடன் விஷயம், கணக்குத் தணிக்கை விஷயம் எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் நாங்கள் பேச வேண்டுமாம். "தடைகளைத் தாண்டி" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே மனப்பாடம். மன உறுதி வேண்டும், விடாமுயற்சி வேண்டும் என்பார்கள். நாமும் கைதட்டுவோம். வீட்டுக்குப் போனால் அதே அடுப்பு, அதே தவணை. அதனால் நாங்கள் புத்திமதி எதுவும் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. நம்ம ஊரிலிருந்து மூணு, நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேலூரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையைத்தான் கொண்டுவந்திருக்கிறோம்.

அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளாவில் கொச்சிக்குப் பக்கத்தில் செராய் என்ற ஊரில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம், வசதியான குடும்பம்தான். டாக்டருக்குப் படிக்க வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்.

சி.எம்.சி.யைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டீர்கள். யாருக்காவது ஆபரேஷன் என்றால் வேலூர் போய் வந்த கதை ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். அந்த ஆஸ்பத்திரி வந்ததற்கே காரணம் பெண்களின் கண்ணீர்தான். ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளில் பிரசவ வலியில் பெண்கள் துடிக்கிறார்கள். ஆண் டாக்டர் வந்து பார்க்கக் கூடாது என்று வீட்டு ஆண்கள் சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பேரும் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர் திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து வந்து, 1900ஆம் ஆண்டில் சின்னதாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கு என்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அந்த இடத்தில் படித்துத்தான் மேரி டாக்டரானார். பிரசவம், பெண்கள் நோய் இதில் மேற்கொண்டு தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் ஆசை.

1954ஆம் ஆண்டு ஜனவரி 30. கூட வேலை பார்க்கிற டாக்டர்களோடு விடுமுறைக்கு வெளியே கிளம்பினார். போகிற வழியில் வண்டி கவிழ்ந்தது. கன்னம் கிழிந்தது, எலும்புகள் முறிந்தன. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி முதுகுத் தண்டில். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவு இல்லை. வயசு 28.

முதுகுத் தண்டு என்பது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். முதுகெலும்பு ஒரு குழாய் மாதிரி. அதற்குள்ளே மூளையிலிருந்து கால் வரைக்கும் போகிற நரம்புக் கட்டு இருக்கிறது. வீட்டுக்கு வருகிற கரண்ட் ஒயர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் அறுந்தால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற பல்பு எரியாது. பல்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எரியாது. காலில் அடி இல்லாமலேயே கால் போய்விடுவது இப்படித்தான். கால் மட்டுமில்லை, சிறுநீர், மலம் வருவதும் தெரியாது, அடக்கவும் முடியாது. கரண்ட் ஒயரை ஒட்டுப்போடலாம். இதை ஒட்டுப்போட இன்றைக்கும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நேற்று வரைக்கும் வார்டு வார்டாக ஓடிப்போய் மற்றவர்களைப் பார்த்த டாக்டர். இன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் கட்டிலில் நோயாளி. திரும்பிப் படுக்கவும் இன்னொருத்தர் கை வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். பெண்ணாச்சே, கல்யாணம் ஆகணுமே, முகத்தில் தழும்பு வேற... நம்ம ஊர்ப் பேச்சு எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

மேரி பிரார்த்தனை செய்கிற பெண். எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்காமல் இருந்திருப்பாரா? கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கால் வரவில்லை.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். சாட்சி சொல்கிற மேடைகளில் நாம் வழக்கமாகக் கேட்பது, "ஜெபம் பண்ணினேன், எழுந்து நடந்தேன்" என்பது. கோயிலில் வேண்டிக்கொண்டு பலித்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். பலித்தவர் மேடை ஏறுவார். பலிக்காதவர் எங்கே போவார்? வீட்டு மூலையில் படுத்துக்கொண்டு, "நமக்கு விசுவாசம் போதலையோ, நாம என்ன பாவம் செஞ்சோமோ" என்று தன்னையே குத்திக்கொண்டிருப்பார். அந்த மாதிரி இருக்கிறவர்களிடம் போய் "நம்பிக்கை இருந்தா எல்லாம் நடக்கும்" என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை. பைபிளிலேயே பவுல் தன் உடம்பில் இருந்த ஒரு முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டதாகவும், அது எடுக்கப்படவில்லை என்றும் வருகிறது. பவுலுக்கு நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்வோமா?

மேரிக்கு வேறு ஒரு வழியில் பதில் வந்தது. வேலூரில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துகிற டாக்டர். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்துப்போய், விரல் கழுகு நகம் மாதிரி மடங்கிக்கொள்கிறது, வலி தெரியாமல் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் விரல் போகிறது. கையில் நல்லா வேலை செய்கிற ஒரு தசை நாரை எடுத்து விரலோடு இணைத்து, மறுபடியும் பிடிக்க வைப்பதுதான் அந்த ஆபரேஷன். அந்தக் காலத்தில் தொழுநோயாளி என்றால் சொந்த வீட்டிலேயே தனித் தட்டு, தனித் திண்ணை. அவர்கள் கையைத் தொட்டு வேலை செய்கிற டாக்டர்கள் மிகவும் குறைவு.

பிராண்ட் மேரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, நீ டாக்டர் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதைப் பற்றி யோசி என்றார். கேட்டவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். நிற்கவே முடியாதவர் எப்படி ஆபரேஷன் செய்வது? ஆனால் பிராண்ட் கணக்குப் போட்டுத்தான் பேசினார். வயிற்றை அறுத்துச் செய்கிற ஆபரேஷனுக்கு நிற்க வேண்டும். கை ஆபரேஷனை டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டேதான் செய்வார்கள். மேரியின் இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன. படித்த படிப்பும் இருக்கிறது. நாற்காலிக்குப் பதில் சக்கர நாற்காலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு மணி நேரம் நேராக உட்காருவதே அவருக்குப் போராட்டம். இடுப்பில் பிடிப்பு இல்லை, சாய்ந்தால் விழுந்துவிடுவார். காலில் திடீர் திடீரென்று இழுப்பு வரும். முதுகிலேயே பல ஆபரேஷன்கள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. முகத் தழும்போடு, சக்கர நாற்காலியில், நாலு பேர் பார்க்க வார்டுக்குள் வருவது என்பது உடம்பு வலியை விடப் பெரிய வலி. அதையெல்லாம் தாண்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்தார். முதலில் உதவியாளராக, பிறகு தானே கத்தியை எடுத்து. ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு கையாக நிமிர்த்தினார்.

நோயாளிகள் என்ன நினைத்திருப்பார்கள்? இத்தனை நாளாகத் தங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட உலகம். இப்போது ஒரு டாக்டரம்மா வருகிறார், தங்களை விட நடக்க முடியாதவராக, கன்னத்தில் தழும்போடு. இவரே வேலை செய்கிறார் என்றால் நாமும் செய்யலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. கால் நன்றாக இருந்த டாக்டர்களால் கொடுக்க முடியாத ஒரு தைரியத்தை அவர் ஒன்றும் பேசாமலேயே கொடுத்தார் என்று பிராண்ட் எழுதி வைத்திருக்கிறார்.

டோரதி கிளார்க் வில்சன் என்ற எழுத்தாளர் மேரியின் வாழ்க்கையை 1963இல் புத்தகமாக எழுதினார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் "என் கைகளை எடுத்துக்கொள்ளும்" என்று அர்த்தம் வரும். கால் தா என்று கேட்டவர், இருக்கிற கையை எடுத்துக்கொள் என்று கொடுக்கிற இடத்துக்கு வந்தார். இந்த ஒரு மாற்றத்தில்தான் அவருடைய விசுவாசம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். நம் கூட்டமைப்பில் ஆடியில் கூழ் ஊத்துகிறவர்களும் இருக்கீங்க, நோன்பு வைக்கிறவர்களும் இருக்கீங்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களும் இருக்கீங்க. யாரையும் மாற்றிக் கும்பிடச் சொல்லி இதைச் சொல்லவில்லை. மேரி கிறிஸ்தவப் பெண், அவர் பலம் அங்கிருந்து வந்தது, அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது சரியாகாது.

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குச் சிகிச்சைக்குப் போனார். மற்றவர் தூக்கிவிடாமல் தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தன் வேலையைத் தானே செய்துகொள்வது எல்லாம் அங்கே பழகினார். அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. இப்படிப் பயிற்சி கொடுப்பதே ஒரு தனி மருத்துவப் படிப்பு. அமெரிக்காவில் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்துக்குப் போய் அதைப் படித்தார். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். வேலூருக்குத் திரும்பி வந்தார். 1963இல் சி.எம்.சி.யில் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுகிற மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த மாதிரி நிலையம் அதுதான் முதல். 1972இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986 டிசம்பரில் வேலூரிலேயே காலமானார். விபத்துக்குப் பிறகு 32 வருஷம்!

அந்த 32 வருஷம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய காலத்தில் முதுகுத் தண்டு அடிபட்டவர்கள் ஒன்றிரண்டு வருஷம் கூடத் தாங்க மாட்டார்கள். அடிபட்டதால் சாகவில்லை, படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்தார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1944இல், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் டாக்டர் லுட்விக் குட்மன் என்பவர் அடிபட்ட சிப்பாய்களைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடு, சுத்தமாக வை, எழுப்பி உட்கார வை, வேலை கொடு, விளையாட விடு என்றார். 1948இல் அவர்களுக்கு வில் அம்புப் போட்டி நடத்தினார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆனது. 2016இல் நம்ம சேலத்து மாரியப்பன் உயரம் தாண்டி தங்கம் வாங்கினாரே, 2024இல் பாரீஸில் காஞ்சிபுரத்துப் பெண் துளசிமதி இறகுப் பந்தில் வெள்ளி வாங்கினாரே, அந்தப் போட்டிதான். மாரியப்பனின் அம்மா காய்கறி விற்றும் செங்கல் சுமந்தும் பிள்ளையை வளர்த்தவர்.

தெற்கே தென்காசிப் பக்கம் ஆய்க்குடியிலும் ஒருவர் இருக்கிறார். எஸ். ராமகிருஷ்ணன். இன்ஜினியரிங் படிக்கும்போது 1975இல் கடற்படை தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் அமர் சேவா சங்கம் தொடங்கி ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கு வழி காட்டினார். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கும்பிடும் சாமி வேறு, மேரி கும்பிட்ட சாமி வேறு. இரண்டு பேருமே இருப்பதை வைத்து ஆரம்பித்தவர்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ராஜகீழ்ப்பாக்கம் வழியாகப் போகிற வேளச்சேரி ரோடு எப்படி ஓடுகிறது என்று வாசலில் நிற்கிற உங்களுக்குத் தெரியும். அடிபடாத நாள் இல்லை. பைக்கில் விழுந்தவர், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர் என்று முதுகில் அடிபட்டவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அடிபட்டவரை உடனே கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிற பழக்கம் இருக்கே, அதை விட்டுவிடணும். கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையில் படுக்க வைத்துத்தான் எடுக்கணும். 108க்குப் போன் போட்டால் ஸ்ட்ரெச்சரோடு வருவார்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கிற அரசுத் திட்டம், நம்ம மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பெண்களின் பாடு ஆரம்பம். புருஷனோ பிள்ளையோ மாமியாரோ படுத்துவிட்டால் பார்க்கிறது நாமதான். உணர்ச்சி இல்லாத இடத்தில் பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். நோயாளிக்கு வலி தெரியாது, அதனால் சொல்லவும் மாட்டார். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டணும். தினமும் இடுப்பு, பிருஷ்டம், குதிகால் பார்க்கணும். தோல் சிவந்திருந்தால், கறுத்திருந்தால், அந்தப் பக்கம் படுக்க விடக் கூடாது. பவுடர் போட்டு மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்காங்க. சரியாகாது, உள்ளே புழு வைக்கும்.

கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கு. முட்டுக்காட்டில், பலவகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005இலிருந்து இருக்கு. இரண்டும் நமக்குத் தூரமில்லை. போனவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம்.

கடைசியாக, எங்களை இந்தக் கதையைத் தேர்ந்தெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறோம். சில குழுக்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. "அந்த அக்காவுக்கு கால் வராது, கூட்டத்துக்கு வர முடியாது, கடன் கொடுத்தா எப்படிக் கட்டுவாங்க, சேர்க்க வேணாம்." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாவம்னு அந்த அக்காவுக்குப் பொங்கலுக்குப் புடவையும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் பிராண்ட் மேரிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கவில்லை. உன்னால் எந்த வேலை முடியும் என்று பார்த்து, அந்த வேலையை முன்னால் கொண்டுவந்து வைத்தார். அந்த ஒருவர் வரவில்லை என்றால் மேரியின் மன உறுதி கட்டிலிலேயே படுத்திருக்கும். மன உறுதி ஒருத்தர் நெஞ்சில் மட்டும் முளைப்பதாகப் பேசுகிறவர்களோடு எங்களுக்கு இதில் ஒத்துப்போகவில்லை.

உட்கார்ந்து செய்கிற வேலை எவ்வளவோ இருக்கு. தையல், கூடை பின்னுவது, மசாலா பாக்கெட் போடுவது, கடை வைப்பது. குழுவின் கணக்கு நோட்டு எழுத நிற்கவா வேண்டும்? நடக்க முடியாதவர் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால், கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் போடலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. புதுவாழ்வு திட்டக் காலத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனிக் குழுக்கள் அமைத்தார்கள். இப்போதும் அப்படிச் சிறப்புக் குழு தொடங்க 5 பேர் இருந்தாலே போதும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் உண்டு.

இன்னும் அடையாள அட்டை வாங்காதவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். செங்கல்பட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அட்டை வந்தால்தான் சக்கர நாற்காலி, பராமரிப்பு உதவித்தொகை என்று மற்றதெல்லாம் கேட்க முடியும். யாருக்கு எது கிடைக்கும் என்பதற்கு விதி இருக்கு, அதை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

ஒவ்வொரு குழு ஊக்குநரும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற பெண்கள் யார் யார், அட்டை இருக்கிறதா, என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். என்ன முடியாது என்பதை எழுத வேண்டாம், அது ஊருக்கே தெரியும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாங்க. முடிந்தால் அந்தப் பெண்களில் ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வாங்க. இந்த மண்டப வாசலில் மூணு படி இருக்கு, நாங்க பார்த்துட்டுத்தான் வந்தோம். அதுக்குள்ள ஒரு சாய்வுப் பலகை போட்டு வைக்கச் சொல்லி மண்டபக்காரரிடம் பேசியாச்சு. பலகைக்கு ஆசாரியைப் பிடிக்கிற பொறுப்பை கூட்டமைப்புத் தலைவி எடுத்துக்கொண்டிருக்கிறார்.